கைவிலங்கோடு ஒரு கடைத்தெரு ஊர்வலம்

கல்யாணமானவர்கள் எதையும் மனம்விட்டுப் பேசி முடிவு செய்ய வேண்டும் என்பார்கள். நானும் என் கணவர் சேகரும் அப்படி மனம்விட்டுப் பேசி, இருவரும் முழுச் சம்மதத்தோடு ஒரு முடிவு எடுத்தோம். அதில்தான் மாட்டினோம்.

தொண்ணூறுகளின் கடைசி. உத்திரமேரூரில் நான் ஆரம்பப் பள்ளி டீச்சர். அவருக்கு உரக்கடையில் வேலை. கட்டிலில் ஒருவர் கையை மற்றவர் கட்டிப்போட்டு விளையாடுவது என்று ஒன்று உண்டு. (முகம் சுளிக்காதீர்கள். எங்கள் கட்டில், எங்கள் கை.) பழைய புடவைத் துணியால் கட்டியவரை ஒரு தொல்லையும் இல்லை. "நிஜ விலங்கு இருந்தா நல்லாருக்கும் இல்ல?" என்று கேட்டவர் அவர். "வாங்கிக்கினு வாங்களேன்" என்றவள் நான். பழியில் சரிபாதி எனக்கு.

விலங்கு வாங்கவும் ஒரு முறை உண்டு என்பது எங்களுக்குத் தெரியாது. சென்னைக்குப் போனவர், பாரிமுனை பிளாட்பாரத்தில் லைட்டருக்கும் நகவெட்டிக்கும் நடுவே பளபளத்ததை, கத்தரிக்காயைப் பார்க்கிற அளவுக்குக்கூடத் திருப்பிப் பார்க்காமல் வாங்கி வந்தார். விளிம்பு கையை அறுக்குமா, பூட்டிய பிறகு மேலும் இறுகாமல் நிறுத்த உள்ளே தனிப் பூட்டு இருக்கிறதா, சாவி ஒழுங்காகத் திரும்புகிறதா, ஒன்றும் பார்க்கவில்லை. பளபளப்பு போதும் என்று நினைத்துவிட்டார். (பெண் பார்க்க வந்தபோதும் அப்படித்தானாம். என் நாத்தனார் சொல்வார்.)

ஒரே ஒரு புத்திசாலித்தனம் செய்தோம். "போதும், விடு" என்றால் அது விளையாட்டா நிஜமா என்று குழப்பம் வரும். அதனால் கட்டிலில் யார் வாயிலும் தவறிக்கூட வராத ஒரு சொல்லைத் தேடினோம். அதைச் சொன்னால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். செங்கல்பட்டு என்று முடிவானது.

அந்த ஞாயிறு மதியம் மாமியாரும் நாத்தனாரும் திருமுக்கூடலில் ஒரு காதுகுத்துக்குக் கிளம்பினார்கள். கதவைத் தாழிட்டோம். அவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் கைகளை முன்னால் நீட்டினார். பூட்டினேன். அவர் லேசாகத் திரும்பினார். விலங்கு 'கிரிக்' என்று ஒரு பல் இறுகியது. பதறிக் கையை இழுத்தார். இன்னும் இரண்டு பல்.

"செங்கல்பட்டு" என்றார்.

உடனே சாவியைப் போட்டுத் திருப்பினேன். சாவியின் தலை மட்டும் என் கையோடு வந்தது. மீதி பூட்டுக்குள் நின்றுவிட்டது. இரண்டாவது சாவி இருந்துதான் என்ன? நுழைய வழியில்லை.

"இன்னாச்சு?"

காட்டினேன். மனுஷனுக்கு வேறு சொல்லே கிடைக்கவில்லை. "செங்கல்பட்டு! செங்கல்பட்டு! செங்கல்பட்டு!"

வெளியே கதவு தட்டப்பட்டது. "சேகரு! இன்னாடா, பஸ்ஸுக்கு ஆள் கூப்டுகினு கீற? கொயந்தைக்கு வாங்குன தோட வூட்லயே வெச்சிட்டுப் போயிட்டேன். கதவத் தொற!"

நாத்தனார். (நான் கூப்பிடுவது அண்ணி என்று.)

அவர் கைக்குச் சட்டை நுழையாது. தோளில் ஒரு துண்டைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தேன். அண்ணி அவரைப் பார்த்தார், விலங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"டிராமா அண்ணி" என்றேன். "எங்க ஸ்கூல்ல. சுதந்திர தினத்துக்கு. இவர்தான் தியாகி."

"தியாகிக்கு வெரல்லாம் ஊதா கலர்ல கீதேடி!"

அப்போதுதான் நானும் பார்த்தேன். தொட்டால் சில்லென்று இருந்தது. அதுவரை மானம் போகுமே என்று பயந்தவளுக்கு, இப்போது கையே போய்விடுமோ என்றாகிவிட்டது. நாங்கள் தடுப்பதற்குள் அண்ணி ஓடிப்போய், அடுத்த தெரு ஏட்டையாவை லுங்கியோடு அழைத்து வந்துவிட்டார்.

ஏட்டையா விலங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது டிபார்ட்மெண்ட் சரக்கு இல்லம்மா. தகரம். அறுக்கத்தான் வேணும். வெல்டிங் பட்டறைக்கு நடங்க."

பட்டறை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். நடந்தோம். முன்னால் வெற்றுடம்பில் துண்டும் கையில் விலங்குமாக என் கணவர். அவர் முழங்கையைப் பிடித்தபடி ஏட்டையா. பின்னால் நானும் அண்ணியும். டீக்கடையே எழுந்து நின்றது.

"இன்னா கேஸு ஏட்டையா?"

"கேஸு இல்லப்பா, டிராமா."

ஒருவரும் நம்பவில்லை. நாங்கள் பஸ் ஸ்டாண்டைத் தொடுவதற்குள் அவர் உரமூட்டை திருடிவிட்டார், கோயில் உண்டியலை உடைத்துவிட்டார், பாவம் அந்த டீச்சர் என்றும் சொல்லிவிட்டார்கள்.

மெஷின் வைத்தால் சூட்டில் தோல் வெந்துவிடும் என்று, ஈரத்துணியைச் செருகிக் கைரம்பத்தால் அறுத்தார்கள். நான் விரல்களைப் பிடித்துக்கொண்டு, "அசைங்க, அசைங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அழுகை வந்துவிட்டது. அவர் என் காதருகே குனிந்து, "அயாத. நானும்தான சரின்னேன்" என்றார். அறுந்து விழுந்ததும் விரல்களுக்கு மெதுவாக நிறம் திரும்பியது. எனக்கும்தான்.

கட்டை விரலில் மரமரப்பு போகப் பல நாள் ஆனது. அதன்பின் நாங்கள் துணிக்கே திரும்பினோம். இடையில் ஒரு விரல் நுழைகிற இடைவெளி, கைக்கெட்டும் தூரத்தில் கத்தரிக்கோல், கட்டியவர் அறையைவிட்டு நகரக்கூடாது. (காதல் மாதிரியா இருக்கிறது? ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கிறது.)

பொய்க்கு உண்டான கூலி அடுத்த நாளே வந்தது. விஷயம் எங்கள் ஹெட்மாஸ்டர் காதுக்குப் போயிருந்தது. "டீச்சர், சார் சொந்தக் காசுல வெலங்கெல்லாம் வாங்கிப் பிராக்டீஸ் பண்றாராமே! இந்த ஆகஸ்டுக்கு டிராமா போட்டே ஆகணும்" என்றார். போட்டோம். அட்டையில் செய்த விலங்கை உடைத்து அவர் "வந்தே மாதரம்" என்றதும் பிள்ளைகள் கைதட்டிய தட்டில், அது வருஷா வருஷம் என்றாகிவிட்டது. ஹெட்மாஸ்டர்கள் மாறினார்கள், தியாகி மாறவில்லை. முட்டிவலியோடும் மூக்குக்கண்ணாடியோடும் இன்றும் போய் அந்த வெயிலில் நிற்கிறார். வேண்டாமென்று சொன்னால், பிறகு எதற்கு அந்த விலங்கை வாங்கினீர்கள் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

எந்தக் கல்யாணப் பந்தியிலும் இலை போட்டதும் அண்ணி ஆரம்பித்துவிடுவார். "எங்க சேகருக்கு நடிப்புன்னா உசுரு. ரிகர்சலுக்கே நெஜ வெலங்கு மாட்டிக்கினு, பேஜாராயி, பட்டறையில போயி அறுத்துக்கினு வந்தவன்!"

பந்தியே சிரிக்கும். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாம்பாரைப் பிசைந்துகொண்டிருப்போம்.