பேத்தியின் இடது கால்

அன்பு மகனுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். இந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு மேலே போ. உன் பெண்டாட்டி போனில் அழுதாளாமே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் மகள் எதைப் பார்த்தாலும் அச்சு அசலாகச் செய்கிறாளப்பா, நாலு வயதில் யாருக்கு வரும் இந்த அறிவு! போன வாரம் திடீரென்று இடது காலை இழுத்து இழுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள், உட்காரும்போது "அப்பாடா, கடவுளே" வேறு. மருமகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, எலும்பு டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள், நானும் கூடப் போனேன். அவர் ரப்பர் சுத்தியலால் முட்டியில் தட்டினார், இவள் சிரித்தாள். எக்ஸ்ரேயில் ஒரு கோளாறும் இல்லை. "கதவு வரைக்கும் நடந்து காட்டு கண்ணு" என்றதும் நடந்தாள் பார், மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிள்ளையைக் கூட்டிவர நான் எழுந்து போனேன். அவ்வளவுதான், நர்ஸ் பெண் "டாக்டர், அங்க பாருங்க!" என்று கத்தினாள். முன்னால் பேத்தி, பின்னால் நான், ஒரே தாளத்தில் இரண்டு இடது கால்!

"பாட்டிம்மா, எத்தன நாளா இப்படி?" என்றார் டாக்டர்.

"எப்படி?" என்றேன்.

"எக்ஸ்ரே உங்களுக்குல்ல எடுக்கணும்! ஆபரேஷன் பண்ண வேண்டிய முட்டி மாதிரி இருக்கே."

"கேட்டப்பல்லாம் ஒண்ணுமில்லன்னீங்களே அத்தை!" என்று மருமகள் அங்கேயே பிடித்துக்கொண்டாள்.

அதை விடு. டாக்டர் கண்ணிலேயே மண்ணைத் தூவினாளே உன் மகள்! அஞ்சாங்கிளாஸோடு நின்ற என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டது, எந்தப் பள்ளிக்கூடத்தில் இவ்வளவு சுத்தமாகச் சொல்லிக்கொடுப்பார்கள்?

எனக்கு ஒன்றுமே இல்லையப்பா. இப்போது நிமிர்ந்து நடக்கிறேன், அவளும் நிமிர்ந்து நடக்கிறாள், கதை முடிந்தது. ஆபரேஷன் அது இது என்று லீவு போட்டுவிட்டு ஓடிவராதே. வேளைக்குச் சாப்பிடு. உடம்புக்கு ஏதாவது என்றால் அம்மாவிடம் மறைக்காதே. நூறு வயசுக்கு நன்றாயிரு.

இப்படிக்கு,
உன் அம்மா

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனேன், பிள்ளை படியில் விழுந்துவிட்டாள். முட்டியில் தோல் உரிந்து ரத்தம். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து நடக்கிறாள். "வலிக்குதாடி?" என்றால், "ஒண்ணுமில்ல பாட்டி, அப்பாகிட்ட சொல்லாத" என்கிறாள். மகனே, மேலே எழுதியது அத்தனையும் பொய். எனக்கு வலிக்கிறது. படியேற முடியவில்லை, தூக்கமில்லை. லீவு போட்டுவிட்டு வா. இதை அவள் காதில் விழ, சத்தமாகச் சொல்லிக்கொண்டேதான் எழுதுகிறேன். இப்போதுதான் என்னைப் பார்த்து அழ ஆரம்பித்திருக்கிறாள்.