தோற்கத் தெரியாத படகு

பாண்டிராஜின் படகு மறுபடியும் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"அட வெளங்காதவனே, எங்க போற?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ரிமோட்டின் குச்சியை வலதுபக்கம் தள்ளினார். படகு சொன்ன பேச்சைக் கேட்டு வலதுபக்கம் திரும்பியது. அந்தப் பக்கம்தான் காற்று நன்றாக அடித்தது. பாய் புடைத்துக்கொண்டது. படகு இன்னும் வேகமாக ஓடியது.

பக்கத்தில் நின்ற சிவபாண்டி தொடையில் தட்டிச் சிரித்தார். அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர்; அந்தப் படகை வார்த்துக் கொடுத்தவர்.

"என் கையால செஞ்சதுல்ல மாப்ள! எப்புடிப் போகுது பாரு!"

"சந்தோசப்படாத. நான் தோக்குறதுக்குன்னு வந்திருக்கேன்."

"தோக்குறதுக்கா? அதுதான் நீ எப்பவும் தோப்பியே. அதுக்கு எதுக்கு இம்புட்டு மெனக்கெடுற?"

அதுதான் பாண்டிராஜுக்கும் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்கு வெளியே இந்தக் கண்மாய்க் கரையில் ஆறு பேர் ஆளுக்கொரு ரிமோட்டோடு கூடுவார்கள். 'மதுரை மாதிரிப் பாய்மரப் படகுச் சங்கம்' என்று பெயர் மட்டும் பெரிதாக இருக்கும். இடுப்பு உயரப் பாய் வைத்த சின்னப் படகுகள். மோட்டார் கிடையாது. காற்றுதான் தள்ள வேண்டும். ரிமோட்டில் இரண்டே குச்சி: ஒன்று சுக்கானைத் திருப்ப, இன்னொன்று பாயை இறுக்கவோ தளர்த்தவோ. தூரத்தில் மிதக்கும் ஆரஞ்சு மிதவையைச் சுற்றிக்கொண்டு புறப்பட்ட கோட்டுக்கே திரும்ப வேண்டும். பாண்டிராஜ் ஒவ்வொரு வாரமும் கடைசியாகத் திரும்புவார். திங்கட்கிழமை நிம்மதியாக வேலைக்குப் போவார்.

ஏனென்றால் சங்கத்தை ஆரம்பித்தவரும், அதன் தலைவரும், வழக்கமாக ஜெயிப்பவரும் அனந்தநாராயணன். கப்பலூரில் ரப்பர் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையின் மேனேஜர். அதே தொழிற்சாலையில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்பவர் பாண்டிராஜ். மேனேஜர் "நீங்களும் சேருங்களேன்" என்றால் சேராமல் இருக்க முடியுமா?

போன ஞாயிறு ஒரு சூறைக்காற்று வந்து எல்லாப் படகையும் கவிழ்த்தது. பாண்டிராஜின் படகை மட்டும் தூக்கிக்கொண்டுபோய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டது. முதல் தடவையாக ஜெயித்தார். அதிலிருந்துதான் சனி பிடித்தது.

மறுநாளே மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டு, "உட்காருங்க பாண்டிராஜ்" என்றார். அந்த அறையில் பாண்டிராஜை அதுவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை. மேனேஜர் பேனாவை உருட்டினார். தண்ணீர் குடித்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம் சார்."

"புது இடம், புது மனுஷா, புதுப் பழக்கவழக்கம்... இதெல்லாம் உங்க குடும்பத்துக்கு ஒத்துவருமா?"

பாண்டிராஜ் பதில் சொல்வதற்குள் மேனேஜரே, "சரி, அப்புறம் பேசிக்கலாம், போங்க" என்று அனுப்பிவிட்டார்.

கம்பெனி ஓசூரில் புதிதாக ஒரு யூனிட் தொடங்குவதும், இங்கே ஸ்டோர்ஸிலிருந்து ஒருவரை அங்கே அனுப்பப் போவதும் கேன்டீன்வரை தெரிந்த விஷயம். யார் என்பதுதான் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது. அவனியாபுரத்தில் கட்டிய வீட்டில் பெயின்ட் வாடைகூட இன்னும் போகவில்லை. மனைவி தமிழ்வாணிக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. ஒரு சூறைக்காற்றுக்காகக் குடும்பத்தோடு ஓசூரா?

ஆகவே இன்றைக்கு எப்படியும் தோற்றுவிட வேண்டும். மேனேஜர் மனம் குளிர வேண்டும். அதற்காகத்தான் முதல் பந்தயத்தில், விசில் ஊதியும் புறப்படாமல் நின்றார். முந்திப் போன ஐந்து படகுகளும் ஒன்றோடொன்று பாய் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டன. பின்னால் கிளம்பிய பாண்டிராஜின் படகுக்கு வழி தாராளமாகக் கிடைத்தது.

விசில் ஒலித்தது. "ஃபர்ஸ்ட், பாண்டிராஜ் அங்கிள்!"

ஊதியவன் மேனேஜரின் மகன் ஹரிஷங்கர். அவன்தான் நடுவர். கரையில் நின்ற அனந்தநாராயணன் பலமாகக் கைதட்டினார். அதைக் கேட்டதும் பாண்டிராஜ் சிவபாண்டியின் பக்கம் சாய்ந்தார். மேனேஜர் யாருக்கும் கைதட்டி அவர் பார்த்ததே இல்லை.

"நக்கலாத் தட்டுறாரு மாப்ள."

"அப்ப ஒண்ணு செய்யி," என்றார் சிவபாண்டி. "அடுத்த ரேஸ்ல மிதவைய நல்லா இடிச்சிரு. இடிச்சா நின்ன எடத்துலயே ஒரு சுத்து சுத்தணும்ல? அதுக்குள்ள அவர் போயிருவாரு."

நல்ல யோசனைதான். இரண்டாவது பந்தயத்தில் மிதவை வந்ததும் பாண்டிராஜ் குறி பார்த்து இடித்தார். டொக் என்று சத்தம் கரைவரை கேட்டது. மகிழ்ச்சியோடு கையைத் தூக்கினார்.

"தம்பி! நான் இடிச்சிட்டேன்! சுத்துறேன்!"

"இல்லையே அங்கிள். நான் பாக்கலையே," என்றான் ஹரிஷங்கர்.

"பாக்கலையா? சத்தம் கேட்டுச்சேப்பா!"

"காத்துல மிதவை வந்து உங்க படகுமேல பட்டிருக்கும். அதுக்கெல்லாம் பெனால்டி கிடையாது அங்கிள்."

"ஆமாப்பா," என்றாள் பவதாரிணி. பாண்டிராஜின் ஒரே மகள். ஐ.டி. கம்பெனியில் வேலை. அப்பாவின் பைக் மெக்கானிக்கிடம் இருந்ததால் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டவள், வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றுவிட்டாள். "நானும் பாத்தேன். மிதவதான் வந்து இடிச்சுச்சு."

"மிதவைக்கு என்ன காலா இருக்கு? நீ எதுக்கு எடையில ஒத்து ஊதுற?"

"ஒழுங்கா ஓட்டுங்கப்பா. எல்லாரும் பாக்குறாங்கல்ல?"

இப்போது அனந்தநாராயணன் கையைத் தூக்கினார். "ஹரி! நானும் இடிச்சுட்டேன். நான் சுத்தறேன்."

அவருடைய படகின் பெயர் 'ஜானு-2'. மனைவியின் பெயர். ஜானு-1 மூழ்கிப்போனதைப் பற்றி யாரும் அவர் வீட்டில் பேசக் கூடாது. இந்த ஜானு-2 மிதவையை நெருங்கக்கூட இல்லை. அதற்கும் மிதவைக்கும் நடுவே ஓர் எருமை படுத்துக் குளிக்கலாம்.

"சார், உங்க படகு பக்கத்துலகூடப் போகல சார்!" என்று கத்தினார் பாண்டிராஜ்.

"மனசாட்சின்னு ஒண்ணு இருக்கில்லையா பாண்டிராஜ்?" என்று சொல்லிவிட்டு, மேனேஜர் ஜானுவை ஒரு சுற்று சுற்றினார். திருப்தி இல்லாமல் இன்னொரு சுற்றும் சுற்றினார்.

மனசாட்சி! இது தனக்குத்தான் குத்து என்று பாண்டிராஜுக்குப் புரிந்தது. பதற்றத்தில் சிவபாண்டியின் சட்டையைப் பிடித்தார்.

"வேகத்தக் கொறைக்கிறதுக்கு வழி சொல்லு மாப்ள. சீக்கிரம்!"

"பாயத் தளத்தி விடு. இறுக்கிப் பிடிச்சாத்தான ஓடும்?"

பாண்டிராஜ் குச்சியைக் கீழே இழுத்துப் பாயை முழுக்கத் தளர்த்தினார். காற்றை எதிர்த்துப் போகும்போது செய்திருந்தால் படகு நின்றிருக்கும். இப்போது படகு திரும்பி வந்துகொண்டிருந்தது, காற்று முதுகுப்பக்கம். தளர்ந்த பாய் கொக்கின் இறக்கைபோல அகலமாக விரிந்து காற்றை அள்ளிக்கொண்டது. அதுவரை யாரும் பார்க்காத வேகத்தில் கோட்டைத் தாண்டிக் கரைமண்ணில் முட்டி நின்றது.

"ஃபர்ஸ்ட், பாண்டிராஜ் அங்கிள்!"

பவதாரிணி கைதட்டினாள். மேனேஜரும் தட்டினார். சிவபாண்டி தலையைச் சொறிந்தார்.

"திரும்பி வர்றப்ப அது வேற கணக்கு போல மாப்ள. நான் படகு செய்வேன், ஓட்டுனதில்ல."

பாண்டிராஜ் கைக்குட்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெள்ளைச் சட்டை வேறு முதுகில் ஒட்டிக்கொண்டது. கண்மாய்க்குப் போகிறவனுக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை எதற்கு என்று காலையில் கேட்டதற்கு, "பெரிய மனுசங்க வர்ற எடம், நல்லாப் போங்க" என்று தமிழ்வாணி மாட்டிவிட்டு அனுப்பியிருந்தாள். இந்த வீட்டில் யாருக்கும் அவர் கஷ்டம் புரிவதில்லை.

மூன்றாவதுதான் கடைசிப் பந்தயம். பாதியிலேயே ஒரு படகுக்கு பேட்டரி போனது. ஒன்று நாணலுக்குள் நுழைந்தது. இரண்டு படகுகள் மிதவையைச் சுற்றும்போது பின்னிக்கொண்டு, அவற்றின் சொந்தக்காரர்கள் கரையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மிச்சம் இரண்டே படகு. ஜானு-2 முன்னால் வந்துகொண்டிருந்தது. பாண்டிராஜின் படகு நன்றாகப் பின்தங்கியிருந்தது. வாரம் முழுக்க வராத நிம்மதி அவருக்கு அப்போதுதான் வந்தது.

கோட்டுக்கு ஒரு முழத் தூரம் இருக்கும்போது ஜானு-2 திரும்பிக்கொண்டது.

"சார்! கோடு அந்தப் பக்கம் சார்!"

"தெரியும், தெரியும். நீங்க வாங்க!"

பாண்டிராஜின் படகு காற்றின் வேகத்தில் கிட்டத்தில் வந்துவிட்டது. அவரும் அவசரமாகத் திருப்பினார். ஆட்டோவில் யார் முதலில் ஏறுவது என்று உபசாரம் செய்துகொள்ளும் இரண்டு பேரைப்போல இரண்டு படகும் கோட்டுக்கு முன்னால் சுற்றிச் சுற்றி வந்தன.

"போங்க சார்!"

"நீங்க போங்க பாண்டிராஜ்."

"நீங்க பெரியவங்க சார். நீங்க போய்த்தான் நான் போகணும்."

"நான் சொல்றேன் இல்லையா? போங்க!"

அந்த "போங்க" ஓசூருக்கே போகச் சொன்னதுபோல இருந்தது. பாண்டிராஜ் சுற்றுமுற்றும் பார்த்தார். இடதுபக்கம் ஆகாயத்தாமரை ஒரு திட்டாக மண்டிக் கிடந்தது. அதற்குள் மாட்டிய படகு தானாக வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை. முழு வேகத்தில் படகை அதற்குள் செலுத்தினார். சுக்கானில் வேர் சுற்றியது. பாய் இலைகளுக்கு நடுவே சாய்ந்தது. ரிமோட்டை எப்படித் திருகினாலும் அசைவில்லை.

"அப்பாடா," என்றார். "சார், மாட்டிக்கிட்டேன்! இனிமே நீங்கதான்!"

அனந்தநாராயணன் முகம் சுண்டிப்போனது. ஜானுவை என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே சுற்றவிட்டார்.

அப்போது ஒரு காற்று எழுந்தது. ஆகாயத்தாமரைத் திட்டு லேசாக அசைந்தது. பிறகு, வேரோடு, கொடியோடு, மேலே உட்கார்ந்திருந்த கொக்கோடு, பாண்டிராஜின் படகையும் மடியில் வைத்துக்கொண்டு மெதுவாக நகர ஆரம்பித்தது.

"ஏய்! ஏய்! நில்லு! தம்பி, செடி தள்ளுறதெல்லாம் கணக்குல வராதுல்ல?"

"காத்துதானே அங்கிள் தள்ளுது? பாய்மரப் படகுன்னா காத்துல போறதுதானே," என்றான் ஹரிஷங்கர்.

திட்டு கோட்டைத் தாண்டியது. விசில் மிக நீளமாக ஒலித்தது. கொக்கு பறந்துபோனது.

பாண்டிராஜ் ரிமோட்டைப் புல்லில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். தொலைந்தது. வீடு, பள்ளிக்கூடம், எல்லாம் தொலைந்தது. நிமிர்ந்தபோது மேனேஜர் எதிரில் நின்றார். வியர்த்துக் கொட்டியிருந்தது. குனிந்து பாண்டிராஜின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பாண்டிராஜ்... உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"தெரியும் சார்."

"தெரியுமா!" மேனேஜர் கண்கள் விரிந்தன.

"ஃபேக்டரியில எல்லாருக்கும் தெரியும் சார்."

"எல்லாருக்குமா?" மேனேஜர் குரல் இறங்கிவிட்டது. "உங்க ஆத்துல... வீட்ல என்ன சொல்றாங்க?"

"இன்னும் சொல்லல சார். சொன்னா அழுவா."

"ஏன், பிடிக்கலையா?"

"எப்புடி சார் பிடிக்கும்? பேச்சு வேற, சாப்பாடு வேற. நம்ம பக்கத்து ஆளுகளுக்கு அதெல்லாம் ஒத்துக்குமா? நீங்களே சொல்லுங்க."

அனந்தநாராயணன் பிடித்த கையை விடவில்லை. "நியாயம்தான். ஆனா பழகிண்டா எல்லாம் சரியாயிடும். சாப்பாடு அவங்கவங்க இஷ்டம். அதுல நாங்க யாரும் தலையிட மாட்டோம்."

"ஒத்தப் பிள்ள சார் எனக்கு. அத இங்க தனியா விட்டுட்டும் போக முடியாது, அம்புட்டுத் தூரம் கூட்டிட்டும் போக முடியாது."

"கூட்டிண்டா? எங்கே?"

"ஓசூருக்குத்தான் சார்!"

"ஓசூரா? ஓசூர்ல என்ன இருக்கு?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பவதாரிணியும் ஹரிஷங்கரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கரையோரம் நின்ற காரிலிருந்து மேனேஜரின் மனைவி ஜானு பிளாஸ்க்கோடும் டம்ளர்களோடும் இறங்கி வந்தார். கணவரை மேலும் கீழும் பார்த்தார்.

"தோத்துட்டு, அவர் சந்தோஷமா இருக்கறச்சே பேச்சை எடுங்கோன்னு சொல்லித்தானே அனுப்பினேன்? இன்னுமா எடுக்கலை?" என்றவர், பாண்டிராஜ் பக்கம் திரும்பி டம்ளரை நீட்டினார். "இவரை நம்பினா ஆகாதுன்னு தமிழ்வாணியும் நானும் நாளே பாத்து முடிச்சுட்டோம். காபி எடுத்துக்கோங்கோ, சம்பந்தி!"