டீமேக்கரின் இடது பக்கம்

நீலகிரி மலையில், செத்துப்போனவரோடு ஜோடி சேர்ந்து பதினோரு வருஷம் ஹாக்கி ஆடிய ஒரே ஆட்டக்காரர் எங்கள் டீமேக்கர்தான். வேறு யாராவது இருந்தால் வாசகர்கள் எனக்கு எழுதலாம். சம்பந்தப்பட்ட ஜோடி மட்டும் நேரில் வர வேண்டாம்.

டீமேக்கர் என்பது அவருடைய உத்தியோகம். குன்னூருக்குக் கீழே எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியில், இலை எவ்வளவு நேரம் வாட வேண்டும், எப்போது உலர வேண்டும் என்று முடிவு செய்கிறவர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. அதை எழுதுகிற கிளார்க்கான எனக்கே அடிக்கடி மறந்துபோகும். காலையில் வரிசையாகக் கோப்பைகளை வைத்துத் தேநீரை உறிஞ்சி, ருசி பார்த்து, துப்புவார். மாலையில் எஸ்டேட் டீமின் ரைட் பேக்காக நின்று, எதிர் டீம் ஆட்களையும் அதே முகத்தோடுதான் பார்ப்பார்.

அவருடைய ஜோடி, லெஃப்ட் பேக், எங்கள் ஒர்க்‌ஷாப் வெல்டர். எங்கள் மைதானத்தில் மேகம் இறங்கிவிட்டால் கையிலிருக்கும் மட்டையின் நுனி தெரியாது. வேறு ஊராக இருந்தால் ஆட்டத்தை நிறுத்துவார்கள். இங்கே அதற்கெல்லாம் நிறுத்தினால் வருஷத்துக்கு நான்கு ஆட்டம் நடந்தால் அதிசயம். அதனால் குரல் கொடுத்து ஆடுவோம்.

"வெல்டரே, இருக்கியா?" என்பார் டீமேக்கர்.

"இருக்கறேனுங்கண்ணா" என்று இடது பக்கத்திலிருந்து பதில் வரும். உடனே இவர் கவலையில்லாமல் வலது பக்கம் நகர்ந்துவிடுவார். இருபது வருஷம் இப்படி ஓடியது. ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பிய வெல்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதையோரம் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அடுத்த ஆட்டத்துக்கு வேறொருவரை லெஃப்ட் பேக்காகப் போட்டோம். டீமேக்கர் ஒத்துக்கொள்ளவில்லை. "அங்க ஆள் இருக்குதுங்க. இவர முன்னால போடுங்க" என்றார். துக்கத்தில் பேசுகிறார், விட்டுப் பிடிப்போம் என்று இருந்தோம். வெயிலடிக்கும் நாட்களில் இரண்டு பக்கமும் அவரே ஓடினார், முழங்கால் போயிற்று. மேகம் இறங்கினால் மட்டும் ஓட மாட்டார். "வெல்டரே, இருக்கியா?" என்று கேட்டுவிட்டு வலது பக்கம் நகர்ந்துவிடுவார். ஆள் இல்லாத இடது பக்கம் பந்து போகும். 'டக்' என்று மட்டையில் படுகிற சத்தம் கேட்கும். பந்து திரும்பி வரும்.

நான் படித்தவன் அல்லவா? கல் கிடக்கும், மேடு இருக்கும் என்று ஒரு வெயில் நாளில் போய்த் தடவிப் பார்த்தேன். வெறும் புல்தான். ஓரிடத்தில் மட்டும் இரண்டு பாத அளவுக்குப் புல் தேய்ந்து மண் தெரிந்தது. அறிவியல் ஆராய்ச்சியை அத்தோடு முடித்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

கூடலூர் டீமின் சென்டர் ஃபார்வர்ட், மலை மாதிரி ஆள், ஒருமுறை இடது பக்கமாகப் பந்தோடு போனார். மட்டை இல்லாமல் திரும்பி வந்தார். "அவிடெ ஆளுண்டு சாரே" என்றார், அங்கே ஆள் இருக்கிறதாம். அவ்வளவுதான், நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.

கோத்தகிரியிலிருந்து வந்த அம்பயர் இன்னும் பாவம். மேகத்துக்குள் ஓடும் காலடிகளைக் கேட்டுவிட்டு, "ஒரு ஆளைக் கூடுதலா இறக்கிட்டீங்க!" என்று ஆட்டத்தை நிறுத்தினார். "நின்ன இடத்துலயே நம்பர் சொல்லுங்க!"

சொன்னார்கள். ஒன்று முதல் பதினொன்று வரை ஒழுங்காக வந்தது. அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. இடது பக்கத்திலிருந்து, மரியாதையான குரலில், "பன்னெண்டுங்க."

அம்பயர் வெற்றிக் களிப்போடு விசிலை ஊதினார். அதே நேரம் மேகம் விலகியது. பதினோரு பேர்தான் நின்றார்கள். மூன்று முறை எண்ணினார், கடைசி முறை கோல் கம்பத்தையும் சேர்த்து. அதன்பின் அவருக்கு எங்கள் ஆட்டம் என்றாலே காய்ச்சல் வந்துவிடும்.

போன வருஷம் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: இன்னொரு சீசன் ஆடினால் டீமேக்கரால் நடக்கவே முடியாது. அவரோ கேட்பதாக இல்லை. "நான் போயிட்டா அவன் தனியா நிக்கோணுமுங்க" என்றார். பேசிப் பேசி எங்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ரசிகர்களின் தலைவர் ஆட்டோ செல்வம் ஒரு வழி கண்டுபிடித்தார். ஊரைக் கூட்டிப் பாராட்டு விழா நடத்தி, சால்வை போட்டுவிட்டால், அப்புறம் மனிதர் எப்படி ஆடுவார்? ஃப்ளெக்ஸ், பேண்டு, ரோஜா மாலை எல்லாம் வந்தன. கொழுந்து பறித்த பெண்கள் கூடையோடு வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டத்தின் பாதியில், மாலை நான்கு மணிக்கு விழா. மேகமும் சொல்லிவைத்த மாதிரி வந்து இறங்கியது.

சால்வை போட்டார்கள். டீமேக்கர் மைக்கை வாங்கினார்.

"எல்லாருக்கும் நன்றிங்க. என்னைய நிறுத்திப்போட்டீங்க, சரி. ஆட்டம் முடிஞ்சுதுன்னு அவனுக்கு யாருங்க சொல்றது?"

பேண்டு நின்றது.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்தார். வெல்டரின் மனைவி மாரியம்மா. "நீங்களே சொல்லுங்கண்ணா" என்றார். "இருந்தப்பவும் நீங்க சொன்னாத்தான் ஊட்டுக்கே வருவாரு. நான் கூப்பிட்டா எங்க வந்தாரு?"

டீமேக்கர் மைக்கைக் கீழே வைத்தார். பிறகு நொண்டிக்கொண்டே இடது பக்கம் நடந்து மேகத்துக்குள் மறைந்தார். குரல் மட்டும் கேட்டது. "டேய், போதும்டா. கால் வலிக்குது. வா, போலாம்."

திரும்பி வந்தபோது ஒரு ஆள் அளவுக்கு ஒதுங்கித்தான் நடந்தார். பெஞ்சின் ஓரமாக உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டு, சால்வையின் ஒரு பாதியை அந்த இடத்தில் விரித்தார்.

இரண்டாம் பாதியில் ரைட் பேக்காக யாரை இறக்குவது? ஒன்பது வருஷமாகத் தண்ணீர் பாட்டில் தூக்கிய என்னைத்தான். "வெல்டரே, இருக்கீங்களா?" என்றேன். காத்திருந்தேன். பதில் இல்லை. வலது பக்கம் நகர்ந்தேன். இடது பக்கமாகப் பந்து புல்லைத் தேய்த்துக்கொண்டு போகிற சத்தம். 'டக்' இல்லை. கோல் பலகையில் 'தொம்' என்று விழுந்தது.

மேகத்தின் அடுத்த பக்கத்திலிருந்து கைதட்டல் கேட்டது. எதிர் டீமுக்கு ஆதரவாக யாரும் வரவில்லை. தட்டியவர்கள் அத்தனை பேரும் எங்கள் ஆட்கள்.

நான் பெஞ்சருகே ஓடினேன். டீமேக்கர் முகமெல்லாம் கண்ணீராகச் சிரித்துக்கொண்டிருந்தார். மாரியம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, சால்வை விரித்த அந்த இடத்தைத் தாண்டி, மறு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

அன்று இடது பக்கமாகவே ஆறு கோல் வாங்கினோம். ஒவ்வொரு கோல் விழும்போதும் அந்த பெஞ்சில் இருந்த மூன்று பேர் மேலும் எனக்குப் பிரியம் கூடிக்கொண்டே போனது.