கைபிடிக்குப் பத்துப் பயனாளிகள்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், மாடியில் ஒரு வாசிகசாலை உண்டு. ஏறப் பதினெட்டுப் படிகள். கைபிடி கிடையாது. அங்கே நூலகராக இருக்கும் ஸ்ரீஸ்கந்தராசாவின் கால் நரம்புகளோ ஒவ்வொன்றாக ஓய்வுபெற்று வருகின்றன. அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான். லட்சத்தில் ஒருவருக்கு வரும் பரம்பரை நரம்பு வருத்தம். படி ஏற முடியாத நாளில் வேலையும் போய்விடும்.

ஆகவே அவர் உரிய படிவத்தில், மூன்று பிரதிகளில், படிக்கட்டு வசதிகள் பிரிவுக்கு விண்ணப்பித்தார். துணைக்கு நானும் போனேன். பொறுப்பதிகாரி கொன்ஸ்ரன்ஸ் மிஸ் சுற்றறிக்கையை விரித்தார்.

“கைபிடிக்கு ஆகக் குறைஞ்சது பத்துப் பயனாளி வேணும், ஐயா. நீங்கள் எத்தினை பேர்?”

“நான் ஒராள்தான், மிஸ். இது அரிதான வருத்தம்.”

“அரிதெண்டா அரசாங்கம் என்ன செய்யிறது? அப்பாவைச் சேர்க்கலாமே?”

“அவர் செத்துப் பத்து வருசம்.”

“பிள்ளையள்?”

“ஒரு மகள். யதுஷா. பன்னிரண்டு வயசு. அவவுக்கு வருமோ வராதோ தெரியாது. பாதிக்குப் பாதி எண்டு டொக்டர் சொன்னவர்.”

மிஸ் கல்குலேட்டரை எடுத்தார். “அப்ப அவவை அரைப் பயனாளியாப் போடுவம். ஒண்டரை. இன்னும் பதினேழு பிள்ளை பெத்தா அளவாப் பத்து வரும்.”

ஸ்ரீஸ்கந்தராசா படிவத்தைப் பிடுங்கினார். “என்ர பிள்ளையின்ர பேர் உந்தப் பட்டியல்ல வராது” என்று எழுந்துவிட்டார்.

பிறகு வாசகர்களான எங்களைப் பயனாளிகளாகக் கையொப்பமிடக் கேட்டார். துணிக்கடை பௌஸி பதறினார். “ஊட்டுல கலியாணத்துக்கு மூணு கொமரு இருக்கு. பரம்பரை நோயெண்டு கேள்விப்பட்டா எவன் வருவான்?” என் மகள் ரூபிகாவுக்கு லண்டன் சம்பந்தம் பேச்சில் இருந்தது. நானும் மறுத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் மறுத்தேன்.

அவர் ஒரு நைலோன் கயிறு வாங்கிப் படியோரம் தானே கட்டினார். முதல் நாள் சிரித்தோம். இரண்டாம் நாளிலிருந்து எல்லோரும் அதைப் பிடித்தே ஏறினோம். எங்களுக்கு ஒரு நோயும் இல்லை, சும்மாதான்.

இரண்டு மாதத்தில், அனுமதியின்றிக் கயிறு கட்டியதை விசாரிக்க மிஸ் வந்தார். அவரும் அதைப் பிடித்தே ஏறினார். “இவ்வளவு பயனாளிகளா! பேர் விபரம் தாங்கோ” என்றார். ஸ்ரீஸ்கந்தராசா வருகைப் பதிவேட்டை நீட்டினார்.

மாதம் முடிவதற்குள் பளபளக்கும் கைபிடி வந்தது. பக்கத்தில் ஒரு கல்வெட்டு: ‘பரம்பரை நரம்பு நோயால் பாதிக்கப்பட்ட பின்வரும் அறுபத்துமூன்று பேரின் நலன் கருதி...’ கீழே மூன்று மொழிகளிலும் பெயர்கள். முதலாவது பௌஸி. இரண்டாவது ஸ்ரீஸ்கந்தராசா. மூன்றாவது நான். கடைசிப் பெயர் கொன்ஸ்ரன்ஸ். வந்த அன்று அவரும் பதிவேட்டில் ஒப்பமிட்டிருந்தார்.

“ஏன் ஐசே இப்பிடிச் செய்தனீர்?” என்று பாய்ந்தேன்.

“கயித்தைப் பிடிச்சு ஏறினவையைத்தானே மிஸ் கேட்டவ. நீர் பிடிச்சனீரோ இல்லையோ?”

“பிடிச்சனான்.”

கல்வெட்டின் படம் வாட்ஸ்அப்பில் லண்டன் போய்ச் சேர்ந்தது. சம்பந்தம் நின்றது. கல்லைக் கழற்றச் சொல்லி விண்ணப்பித்தோம். பட்டியலிலுள்ள அறுபத்துமூன்று பேரும், தமக்கு நோயில்லை என்று மருத்துவச் சான்றிதழ் தரவேண்டுமாம். ஒருவர் குறைந்தாலும் செல்லாது.

மிஸ் உட்பட அறுபத்திரண்டு பேர் சான்றிதழோடு தயாராக நிற்கிறோம்.