உப்புக் கம்பவுண்டரின் நாக்கு

மயிலாப்பூரின் நான்கு மாட வீதிகளிலும் அவர் ருசி பார்க்காத ரசம் கிடையாது. கல்யாணச் சமையற்காரர்களுக்குக்கூட அத்தனை அடுப்பங்கரைகளோடு பரிச்சயம் இருந்திருக்காது. ஆனால் அந்த மனிதர் எந்த வீட்டிலும் ஒரு பிடி சோறு உண்டதில்லை. ரசத்தை நாக்கில் வைப்பார், கண்களை மூடுவார், தீர்ப்புச் சொல்வார், சைக்கிளில் ஏறிப் போய்விடுவார்.

பெற்றோர் அவருக்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருக்கத்தான் வேண்டும். அது எங்கள் யாருக்கும் தெரியாது. உப்புக் கம்பவுண்டர் என்றால் தபால்காரர் முதல் தயிர்க்காரி வரை எல்லாருக்கும் தெரியும்.

கச்சேரி சாலையில் இருதய நோய்களுக்குப் பேர்போன ஒரு டாக்டரின் மருந்தகத்தில் அவருக்கு வேலை. யுத்த காலம். அந்நாளில் இருதயத்துக்கு இருந்த வைத்தியங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். துவண்ட இருதயத்துக்கு டிஜிடாலிஸ் சொட்டு. உடம்பில் கோத்த நீரை இறக்கப் பாதரச ஊசி. மார்வலிக்கு நாக்கின் அடியில் ஒதுக்கிக்கொள்ளும் சிறு மாத்திரை. ரத்த அழுத்தத்துக்குச் சர்ப்பகந்தி. இவை எல்லாவற்றோடும், சில சமயம் இவை எல்லாவற்றுக்கும் மேலாக, உப்பை நிறுத்துவது. மற்றவை டாக்டர் கையில் இருந்தன. உப்பு மட்டும் வீட்டார் கையில் இருந்தது. வீட்டாரை நம்பலாம் என்று டாக்டர் நினைத்தார். கம்பவுண்டர் நினைக்கவில்லை.

மருந்தகம் நண்பகலில் மூடியதும் அவர் புறப்படுவார். தலையில் ஒரு தொப்பி. காக்கிச் சட்டைப் பையில், மருந்து அளக்கும் அவுன்ஸ் கண்ணாடி. சமையலறை வாசலில் நின்று அதை நீட்டுவார். வீட்டு அம்மாள் அவர் என்ன ஜாதியோ என்ற தயக்கத்தோடு ஓரடி உயரத்திலிருந்து ரசத்தை ஊற்றுவாள். சரியாக ஓர் அவுன்ஸ். கோடு தாண்டினால் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றச் சொல்வார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் விடுவார். நாக்கு கூர்மையாக இருக்கவேண்டும் என்பதற்காக, எந்த நோயும் இல்லாத அவரும் பல ஆண்டுகளாக உப்பில்லாத சோறே உண்டுவந்தார். "தராசுல துரு புடிக்கலாமா?" என்பார்.

எங்கள் தெருவின் எதிர்வரிசை வக்கீலுக்கு ரத்த அழுத்தம். அவர் வீட்டு ரசமும் சாம்பாரும் பரிசோதனையில் தேறின. ஆனால் அவருடைய இடது கன்னம் உப்பியிருந்தது.

"வாய்ல இன்னா சாமி?"

"வடுமாங்காய்."

"அதுல உப்பு கீதே."

"அது ஊறுகாய்யா. உப்பு வேறே, ஊறுகாய் வேறே. டாக்டர் சீட்டுல ஊறுகாய்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கா? இருந்தா எடுத்துக் காட்டும்."

"கோர்ட்டுல வாய்தா வாங்கிக்கலாம் சாமி. மூளைல நரம்பு வெடிச்சா வாய்தா கெடையாது."

வடுமாங்காய் ஜாடி அன்றே சைக்கிளின் பின்னால் கட்டப்பட்டு மருந்தகம் சென்றது. அந்நியர் உடைமையைக் கைப்பற்றுவது எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்டுக்கொண்டே வக்கீல் தெப்பக்குளம் வரை பின்னால் நடந்தார்.

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் ஓர் அம்மாளுக்குக் கால் வீக்கம். அங்கேயும் அவர் போனார். நடந்ததை அவரே என்னிடம் சொன்னார்.

"உப்பே போடல நைனா. எம் மவன் மேல சத்தியம்" என்றாளாம் அவள்.

"அடுப்புல இன்னா கொதிக்குது?"

"கருவாட்டுக் கொழம்பு."

"கருவாட்ட எதுல போட்டு வெச்ச?"

"உப்புலதான். அது மீனுக்குப் போட்டது நைனா. எனக்கா போட்டுக்கினேன்?"

அவர் கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டாராம். "வக்கீலு இதுங்கிட்ட பாடம் கத்துக்கணும் சாமி" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

எங்கள் வீட்டுக்கு அவர் வரத் தொடங்கியது என் மனைவிக்காக. சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவளுடைய இருதயத்தின் வால்வு ஒன்றை இறுக்கிவிட்டுப் போயிருந்தது. நாற்பது வயதுக்குமேல் அது கணக்குக் கேட்டது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. மாலையில் கால்கள் வீங்கின. மூன்று தலையணைகளில் சாய்ந்தபடிதான் தூங்கினாள். டாக்டர் ஆங்கிலத்தில் எனக்கு விளக்கினார். கம்பவுண்டர் தமிழில் அவளுக்கு விளக்கினார்.

"நெஞ்சு ஒரு பம்பும்மா. உங்க பம்புல வாஷர் இறுகிப் பூட்ச்சி. தண்ணி முன்னால போவாம பின்னால தேங்குது. கால்ல தேங்கினா பரவால்ல, ஊசி போட்டு எறக்கிடலாம். நெஞ்சுக்கு ஏறிச்சின்னா டாக்டரு கையில ஒண்ணும் கெடையாது."

"வாஷர் மாத்த முடியாதா?" என்றாள் அவள்.

"இன்னும் அந்தக் கடை தொறக்கலம்மா."

அவள் உப்பை நிறுத்தினாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் நிறுத்தினாள். எனக்குத் தனியாக உப்பிட்டுச் சமைத்துவிட்டுத் தன் சோற்றில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டாள். காலையில் நாடியை எண்ணுவாள். அறுபதுக்குக் குறைந்தால் அன்று சொட்டு மருந்து கிடையாது. அவளுடைய அவுன்ஸ் ரசம் மாதக்கணக்கில் பழுதில்லாமல் தேறியது.

நீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அறிய வாரம் ஒருமுறை எடை பார்க்கவேண்டும். ஆளை நிறுக்கும் எந்திரம் மருந்தகத்தில் பழுதாகிக் கிடந்தது. யுத்தத்தில் அதற்கு உதிரிப்பாகம் வரவில்லை. கம்பவுண்டர் அவளைத் தெருக்கோடி விறகுத்தொட்டிக்கு அழைத்துப் போனார். பெரிய தராசின் ஒரு தட்டில் என் மனைவி, மடிசார் தலைப்பைக் கையில் பற்றிக்கொண்டு. மறுதட்டில் இரும்புப் படிக்கற்கள். சவுக்குக் கட்டை வாங்க வந்தவர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். "நாலு மணங்கு மூணு வீசை" என்று தொட்டிக்காரர் சொல்ல, கம்பவுண்டர் மருந்துச் சீட்டின் பின்புறம் குறித்துக்கொள்வார்.

முதல் வாரம் வீட்டுக்கு வந்ததும் அவள், "விறகோட சேர்த்து என்னை நிறுக்கறதுக்கு இவ்வளவு அவசரமா?" என்றாள். நான் சிரித்திருக்கவேண்டும்; முடியவில்லை. அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள்.

அந்தக் கோடையில் கார்ப்பரேஷன் குழாயில் தண்ணீர் குறைந்தது. விடியற்காலையில் இரண்டு குடம், அதோடு சரி. எங்கள் கொல்லைக் கிணறு கடற்கரைக்குக் கிட்டத்தில் இருந்ததால், பாத்திரம் துலக்க மட்டுமே பயன்பட்டுவந்தது. குழாய்த் தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொண்டு கிணற்றுத் தண்ணீரில் சமைக்கும்படி நான் சொன்னேன். கொதித்தால் கிருமிகள் சாகும் என்ற விளக்கமும் தந்தேன். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் ரசாயனம் கற்பித்தவன் சொன்னபின் அதற்கு மறுபேச்சு இல்லை.

பத்து நாட்களில் கம்பவுண்டர் அவுன்ஸ் கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"உப்பு கீது."

"போடலையே" என்றாள் அவள்.

"கீதும்மா."

மறுநாளும் அதே தீர்ப்பு. மூன்றாம் நாள் அவர் அலமாரியைத் திறந்து பார்த்தார். பருப்பு டப்பாக்களை மோந்தார். எங்கள் உப்பு ஜாடியைக் கயிறு போட்டுக் கட்டி மருந்தகத்துக்கு எடுத்துச் சென்றார். அதன்பின் நானும் உப்பில்லாமல் சாப்பிட்டேன். ஆனாலும் ரசத்தில் உப்பு இருந்தது. விறகுத்தொட்டியில் அவள் இரண்டு வீசை ஏறியிருந்தாள். நான்காவது தலையணை தேவைப்பட்டது.

"அம்மா, நான் வக்கீல பாத்திருக்கேன், கருவாடு விக்கிறவள பாத்திருக்கேன். அவுங்கல்லாம் எங்கிட்ட வாதாடுனாங்க. நீங்க பொய் சொல்றீங்க."

அவள் என்னைப் பார்த்தாள். அவர் நாக்கு ஒருநாளும் தவறியதில்லை என்பது எனக்குத் தெரியும். சோதனை, முடிவு, நிரூபணம் என்று யோசித்துப் பழகியவன் நான். "ஆசையா இருந்தா சொல்லிடேன். யாரும் கோவிச்சுக்கப் போறதில்லை" என்றேன்.

இருபத்தேழு ஆண்டு இல்லறத்தில் அவளை நான் நம்பாமற்போன நாள் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஒன்றே போதுமானதாக இருந்தது.

அடுத்த வாரம் விறகுத்தொட்டி வரை அவளால் நடக்க முடியவில்லை. இரண்டு வார்த்தை பேசினால் மூன்றாவதற்கு நின்று மூச்சு வாங்கினாள். அன்று நண்பகல் கம்பவுண்டர் வந்தபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அடுப்பிலிருந்த சிறு பாத்திரத்தை எடுத்து, அவர் கண்ணாடியில் தானே ஊற்றினாள். தெளிந்த நீராக இருந்தது.

"இன்னாம்மா, ரசத்துல புளியே காணோம்?"

"ருசி பாருங்கோ."

அவர் கண்களை மூடினார். "உப்பு கீது."

"அதுல பருப்பும் இல்லை, புளியும் இல்லை. கிணத்து ஜலத்தைக் காய்ச்சி வச்சிருக்கேன். வேறொண்ணும் இல்லை. எனக்கும் ஒரு வருஷமா உப்பில்லாம நாக்கு தீட்டித்தான் இருக்கு."

அவுன்ஸ் கண்ணாடி அவர் கையில் சாய்ந்து மிச்சத் தண்ணீர் தரையில் சிந்தியது. பிறகு குரல் எழும்பியது.

"எந்த மடையன் கிணத்துத் தண்ணில சமைக்கச் சொன்னான்?"

நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மடியில் செய்தித்தாள். உப்புநீரைக் காய்ச்சினால் நீர் போகும், உப்பு தங்கும். ஆண்டுதோறும் கரும்பலகையில் நான் எழுதிய முதல் பாடம். வாயைத் திறந்தேன் என்று சொல்ல ஆசைதான்; திறக்கவில்லை.

"நான்தான்" என்றாள் அவள். "குழாய் ஜலம் போறலை. சமையலுக்கு ஆகும்னு நான்தான் நெனச்சுண்டேன்."

அவர் அவளை நன்றாகத் திட்டினார். படித்தவர் வீட்டில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியாதா, ஐயாவை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று என்னையும் சாட்சிக்கு அழைத்தார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். எல்லாம் முடிந்தபின் அவர் தொப்பியைக் கழற்றினார்.

"பொய் சொன்னீங்கன்னு சொன்னது தப்பும்மா. எந்நாக்கு சரியாத்தான் சொல்லிச்சு. நாந்தான் தப்பா கேட்டுக்கினேன். மன்னிச்சிக்கோங்க."

அன்றே டாக்டர் வந்து பாதரச ஊசி போட்டார். மறுநாள் காலையில் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. பின்னால் ஒரு குடம், வாயில் துணி கட்டப்பட்டு. மந்தைவெளியில் தம் தங்கை வீட்டுக் கிணற்றில் நல்ல தண்ணீர் என்றார். தாம் அதில் பலமுறை கொப்பளித்துப் பார்த்துத் தேர்வு செய்ததாகவும் சொன்னார். அன்று முதல் தினம் ஒரு குடம் வந்தது. மழையில், ஒருமுறை பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஒருமுறை அவருக்கே காய்ச்சல் அடித்தபோது. அவர் ஊற்றிவிட்டுப் போவார். அவள் ரசம் வைப்பாள். நண்பகலில் வந்து ருசி பார்ப்பார். தாம் கொண்டுவந்த தண்ணீரையும் அவர் நம்பவில்லை.

நீர் இறங்கியது. விறகுத்தொட்டியில் நான்கு வீசை குறைந்தாள். ஒருநாள் மதியம் ஒரே தலையணையில் மல்லாந்து படுத்துத் தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அப்படி ஒன்றரை ஆண்டு கிடைத்தது. கிணற்று நீர் இல்லாதிருந்தால் இன்னும் கொஞ்சம் கிடைத்திருக்குமா என்று டாக்டரிடம் ஒருமுறை கேட்டேன். இறுகிய வால்வு அதன் போக்கில்தான் போகும், உங்கள் கையில் இல்லை என்றார். அவர் நல்ல மனிதர்.

அவள் காரியங்கள் முடிந்து வீடு காலியான மறுநாள் காலையில் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவர் நின்றார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக வாயில் வைத்திருந்ததை நான் அப்போது சொன்னேன்.

"கிணத்துத் தண்ணியில சமைக்கச் சொன்னது நான்தான், கம்பவுண்டர்."

"தெரியும் சாமி."

"எப்போ தெரிஞ்சது?"

"அப்பவே. அந்தம்மா நான்தான்னு சொல்லும்போது உங்க மூஞ்சியப் பாத்தேன்."

"தெரிஞ்சுமா அவளைத் திட்டினீங்க?"

"அது அவுங்க கேட்டு வாங்கிக்கினது சாமி. நான் குடுக்காம இருக்க முடியுமா? அதில்லாம, உங்க கழுத்து நரம்பு அப்டி துடிச்சிக்கினு இருந்துது. உங்களத் திட்டியிருந்தா உங்களையும் விறகுத்தொட்டில நிறுக்க வேண்டி வந்திருக்கும்."

சைக்கிளைத் திருப்பினார். அவர் அன்று கேட்ட மன்னிப்பில் பாதி நான் கேட்டிருக்க வேண்டியது என்பதைச் சொல்ல நினைத்தேன். அதற்குள் தெருமுனை போய்விட்டார்.

இப்போதும் காலையில் வருகிறார். வயதாகிவிட்டது, குடம் சிறிதாகியிருக்கிறது. வழிதானே சாமி, என்கிறார். மந்தைவெளியிலிருந்து கச்சேரி சாலைக்கு எங்கள் தெரு வழியில்லை. கார்ப்பரேஷன் குழாயில் தண்ணீர் இப்போது நாள் முழுவதும் நன்றாகவே வருகிறது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.