கங்கம்மாவுக்கு வந்து சேராத கோடி

அன்புள்ள மச்சான் தேசப்பனுக்கு, உன் அக்காள் புருஷன் அப்பாவு எழுதுவது. சத்தியவேட்டில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் போன் போட்டால் நீ கட் பண்ணுகிறாய். அதனால் பேப்பரில் எழுதி, உங்கள் ஊரிலிருந்து ஊத்துக்கோட்டை மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் ஏற்றி வரும் பென்னியிடம் கொடுத்து அனுப்புகிறேன். கத்தரிக்காய்க்கு எல்லையில் பாஸ் வேண்டாமாம். கூடப் பிறந்தவனுக்குத்தான் வேண்டும்.

"பொறந்த ஊட்டுக் கோடி போடாமயே எங்க அக்காவத் தூக்கினு போயிட்டியே மாமா" என்று கேட்டாயே, அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. தாய் வீட்டுப் புடவை மேலே விழாமல் ஒரு பொம்பளையை எடுப்பது நம் சனத்தில் இல்லை என்று எனக்குத் தெரியாதா? விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த கங்கம்மா அப்படியே போய்விட்டாள், அழுது முடிப்பதற்குள் சுகாதார ஆபீசர் பரசுராமன் ஜீப்பில் வந்து இறங்கி, மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, மாஸ்க் போடாதவர்களையெல்லாம் திட்டிவிட்டு, சாவுக்கு இருபது பேர்தான் என்று விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார். இருபத்தொன்று வந்தது. "சார், எங்க அம்மாவையும் சேத்து எண்ணிட்டீங்க" என்று உன் மருமகள் திலகவதி அழுதுகொண்டே சொன்னாள். அதற்கு அவர், "ரூல்ல இருபது பேருன்னுதாம்மா கீது, உசுரோட இருக்கறவங்கன்னு போடலியே" என்றார். யாரை வெளியே அனுப்புவது? எல்லாரும் உறவு. கடைசியில் நானே எழுந்து போய்த் தெருக்கோடியில் மோட்டார் ரூம் பக்கம் நின்றேன். கட்டின பெண்டாட்டியைக் குளிப்பாட்டும்போது அங்கே நின்று எட்டிப் பார்த்த ஒரே புருஷன் இந்த ஜில்லாவிலேயே நான்தான் மச்சான்.

நீ எல்லைச் சாவடியில் போலீஸிடம் மாட்டிக்கொண்டு புடவையை வீடியோ காலில் விரித்துக் காட்டினாயே, அதையும் நாங்கள் விட்டுவிடவில்லை. ஈஸ்வரி அத்தைதான், "கோடி எப்படி வந்தா இன்னா, வந்துச்சு இல்ல" என்று சொல்லி, போனைக் கங்கம்மாவின் மார்மேல் வைக்கச் சொன்னாள். வைத்தோம். அந்த நேரம் பார்த்துச் சிக்னல் போய், புடவைக்குப் பதிலாக உன் கட்டை விரல் மட்டும் பெரிதாக நின்றுவிட்டது. பொம்பளைகள் அந்த விரலைக் கும்பிட்டார்கள். சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை, கங்கம்மா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்றேன். மதியத்துக்குள் எடுக்காவிட்டால் கேஸ் போடுவேன் என்றார் ஆபீசர். எடுத்துவிட்டோம்.

இப்போது கேள். காரியத்துக்குக்கூட நாள் வரவில்லை, அதற்குள் பஞ்சாயத்தில் கூப்பிட்டு, "அப்பாவு, ஆபீசர் ஊட்டு விசேஷம், மண்டபத்துல தண்ணி பாக்க ஆளு இல்ல, நீதான் போவணும்" என்றார்கள். டேங்க் ஆபரேட்டர் வேலையில் இருந்துகொண்டு முடியாது என்று சொல்ல முடியுமா? போனேன். அவர் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. வாசலில் ஷட்டர் இறக்கி, 'கொரோனா காரணமாக மண்டபம் மூடப்பட்டுள்ளது' என்று போர்டு மாட்டியிருந்தார்கள். பின்பக்கக் கதவைத் திறந்தால் திருவிழாக் கூட்டம்! பந்தி மேல் பந்தி. சட்டம் பேசுகிறவர்கள் எல்லாரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பிரியாணி சாப்பிட்டார்கள்.

அதுகூடப் போகட்டும். தாய்மாமன் சீர் வந்தது பார். உங்கள் ஆந்திரா பக்கத்திலிருந்துதான், அதே சாவடி வழியாகத்தான், வேன் வேனாக வந்தது. கண்ணாடியில் 'அத்தியாவசியப் பணி' என்று ஸ்டிக்கர். உள்ளே பட்டுப் புடவை, பழத்தட்டு, கொட்டு மேளம். எனக்குத் தாங்கவில்லை. "சார், பார்டர்லதான் யாரையும் உட மாட்டாங்களே" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவர் நல்ல மனுஷன் மாதிரி என் தோளில் கை போட்டு, "இன்னாப்பா இப்டி கேக்கற? தாய்மாமன் புடவை இல்லாம பொண்ணுக்குச் சடங்கு செய்ய முடியுமா? மொறைன்னு ஒண்ணு கீது இல்ல?" என்றார். ஆமா சார் என்றேன். மோட்டார் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அது ஓடுகிற சத்தத்தில் வாய்விட்டு அழுதேன். கங்கம்மாவுக்கு முறை இல்லையா மச்சான்? ஒரு புடவைதானே கேட்டாள்?

அழுது முடித்துத் துணிந்து திரும்பப் போனேன். காரியத்துக்கு என் மச்சானை விடச் சொல்லுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். வாய் நிறைய பிரியாணி, தலையாட்டினார். "வரச் சொல்லு, நான் சொல்லிக்கறேன்." ஆகையால் உன் கோபத்தை அங்கேயே வைத்துவிட்டு அந்தப் புடவையோடு கட்டாயம் வந்து சேர். படத்துக்குப் போட்டுப் படைப்போம். அவள் மனசு ஆறும், என் மனசும் ஆறும். உன் சம்சாரத்துக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். அக்காள் இல்லாவிட்டாலும் இது உன் வீடுதான்.

இப்படிக்கு,
அப்பாவு

பி.கு: கடிதத்தை மடித்து வைத்திருந்தபோதே தகவல் வந்தது. ஆபீசருக்குக் கொரோனாவாம், பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மண்டபத்தில் விசேஷமே நடக்கவில்லையாம். கடமையைச் செய்யக் கங்கம்மா சாவுக்கு வந்தபோதுதான் அவருக்குத் தொற்றியதாம், ரிப்போர்ட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். நம் வாசலைத் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். காரியம் கிடையாது. இதைத் தகரத்துக்கு மேலே எட்டித்தான் பென்னியிடம் கொடுக்கிறேன். நீ கிளம்பாதே மச்சான். மேலே எழுதியதைப் படித்துப் புடவையை எடுத்திருந்தால் திரும்பப் பெட்டியில் வைத்துவிடு. இந்தத் தடவை உன்னை வர வேண்டாம் என்று சொல்வது போலீஸ் இல்லை, நான்தான்.