தரிசுக்கு ஓர் அத்தாட்சிக் கடிதம்

பார்க்டேல், ரொறன்ரோ
14 யூலை 1996

பேரன்பும் பெருமதிப்பும் உள்ள ஜெயரட்ணம் அத்தானுக்கு,

வவுனியாவில் நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்ற துணிவில் இதைத் தொடங்குகிறேன். இங்கே நான் சுகம், யோகமலர் சுகம், கடையும் சுகம். சுகமில்லாதது ஒன்றே ஒன்று. அது இருபதடி நீளம், பத்தடி அகலம்.

முதலில் வேண்டுகோள், பிறகு விளக்கம். வியாபாரி அப்படித்தான் எழுதுவான். இருபத்தெட்டு வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்த உங்கள் கையெழுத்தோடு எனக்கு ஒரு அத்தாட்சிக் கடிதம் வேண்டும். "ரொறன்ரோ சமூகத் தோட்டத்தின் 41ஆம் இலக்கப் பாத்தி வெறுமையாகக் கிடப்பது சோம்பேறித்தனத்தால் அல்ல. நிலத்தை ஆறவிடும் நோக்கத்தோடு இரத்தினவேல் அதைத் திட்டமிட்டுத் தரிசாக விட்டிருக்கிறார்" என்று ஆங்கிலத்தில், பெரிய சொற்களாகப் போட்டு எழுதவேண்டும். பழைய றப்பர் முத்திரை இருந்தால் அதையும் குத்துங்கள். மை காய்ந்திருந்தால் பரவாயில்லை, மங்கலான முத்திரைக்கு இங்கே மதிப்பு அதிகம். ஓகஸ்ற் முதலாம் திகதிக்கு முன் அது கடை ஃபாக்ஸுக்கு வந்து சேரவேண்டும். வராவிட்டால் பாத்தி காத்திருப்போர் பட்டியலில் அடுத்து நிற்கும் ஆளுக்குப் போய்விடும். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் போன் குசினியில் இருக்கிறது, அங்கே யோகமலர் சமைத்துக்கொண்டே புருஷன் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். ஆகவே நாளை மறுநாள் கொழும்புக்குப் பறக்கும் சீமோனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

இனி விளக்கம். எல்லாம் பேர்ணடெற் அன்ரியின் வாயில் தொடங்கியது. இளைப்பாறிய விஞ்ஞான ரீச்சர், வெள்ளிக்கிழமை தவறாமல் கடைக்கு வருபவர். மாசி மாதம் ஒரு வெள்ளி, எட்டுப் பேர் வரிசையில் நிற்க, ஒரு கத்தரிக்காயைக் காம்பில் பிடித்துத் தூக்கினார். காம்பு கையில் நின்றது, காய் கீழே போனது. "தம்பி இரத்தினவேல், உம்மட கத்தரிக்காய் கப்பலில வந்ததோ, இல்லாட்டி கரையால நடந்து வந்ததோ?" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. காரின் டிக்கியில் மிளகாய்த்தூள் விற்றுத் தொடங்கி, சொந்தப் பேர்ப்பலகை தொங்கவிட்டவன் நான். எனக்கு அன்றைக்குப் பொறுக்கவில்லை. "அன்ரி, ஆடி முடிய முன்னம் என்ர கையால நட்டு விளைஞ்ச கத்தரிக்காயை உங்கட கையில தருவன். தராட்டில் உந்தப் பேர்ப்பலகையைக் கழட்டுறன்" என்று சொல்லிவிட்டேன். "கழட்டேக்க சொல்லும், ஏணியை நான் பிடிக்கிறன்" என்றார் அன்ரி. சொன்ன சொல்லில் நிற்கிறவன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் பதினோராம் மாடியில் குடியிருப்பவனுக்கு நிற்கச் சொல் இருந்தது, நடுவதற்கு நிலம் இல்லை.

ரயில் பாதைக்குப் பக்கத்தில் உள்ள சமூகத் தோட்டத்தில் ஒரு பாத்தி காலியாகியது. தோட்டக் குழுத் தலைவி றோசலின் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி. மட்டையில் தாள் செருகிக்கொண்டு எந்த நேரமும் நடந்துகொண்டிருப்பார். 41ஐ எனக்குத் தந்தார். அப்போதுதான் உங்களுக்கு எழுதி ஆலோசனை கேட்டேன். நீங்கள் நாலே நாலு வரி பதில் போட்டீர்கள்: மண்ணைக் கையில் எடுத்துப் பார், சூடு பார், ஈரம் பார், ஒன்றும் போடாதே. எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது, அத்தான். இருபத்தெட்டு வருட அனுபவத்துக்கு நாலு வரியா என்று கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டேன்.

சித்திரை வருஷப்பிறப்பன்று புது வேலை தொடங்கக் கோயில் குறித்துத் தந்த நேரம் விடியற்காலை ஐந்தரை. அந்த நேரத்துக்கு, நானே குசினி யன்னலில் வைத்து வளர்த்த நாற்பது கத்தரிக்கண்டுகளோடு தோட்டத்தில் நின்றேன். பட்டு வேட்டி, அதற்குள் பனிக்கால நீளக் காற்சட்டை. மண்வெட்டியைப் போட்டேன். இரண்டு விரற்கடை இறங்கியது, பிறகு டங் என்றது. கீழே மண் இன்னும் மார்கழியில் இருந்தது. யோகமலர் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள். "ஐஸ்பெட்டிக்குள்ள கை விட்ட மாதிரிக் கிடக்கு. ஒரு மாசம் பொறுங்கோவன்" என்றாள். "நேரம் பொறுக்குமே?" என்று கேட்டுவிட்டு நாற்பதையும் நட்டேன். மறுநாள் காலை போனால் நாற்பதும் அவித்த கீரை மாதிரிக் கிடந்தன. றோசலின் வந்து, மே மாதப் பிற்பகுதியில் வரும் விக்ரோரியா மகாராணியின் பிறந்தநாள் விடுமுறை கழியாமல் இங்கே யாரும் கத்தரி நடுவதில்லை என்றார். அப்படியென்றால் அவர்களும் நாள் பார்த்துத்தானே நடுகிறார்கள்? ஆனால் அவர்கள் பார்க்கும் நாளில் மண் சுடும், நான் பார்த்த நாளில் குளிரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று யோகமலர் ஒரு வேலை செய்தாள். குப்பையில் எறிந்த நாற்பதில் அடித்தண்டு பச்சையாக இருந்த ஒரு கண்டைப் பொறுக்கி, ஊறுகாய் வந்த வெள்ளை வாளியில் நட்டு யன்னலடியில் வைத்தாள். வெயில் வந்ததும் பல்கனிக்கு மாற்றினாள். "வாளியில கமம் செய்யப்போறீரோ?" என்று கேட்டேன். அவள் வாளியை வெயில் பக்கம் திருப்பி வைத்தாள்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை மழை. எல்லாரும் சும்மா இருக்க, சும்மா இருந்து பழக்கமில்லாத நான் மட்டும் கொத்தினேன். இந்த ஊர் மண் களி, அத்தான். ஈரத்தில் கொத்தினால் இடியப்ப மா மாதிரி வெட்டுக்கு வெட்டு அழகாகப் புரண்டு வரும். எனக்கு ஒரே சந்தோஷம். பிறகு மூன்று நாள் வெயில். போய்ப் பார்த்தால் பாத்தி முழுக்கச் செங்கல். ஒன்றை எடுத்துக் கடைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்தேன், இன்றைக்கும் அதுதான் நிற்கிறது. ஈரக் களியை மிதித்தாலும் கொத்தினாலும் உள்ளே இருக்கிற காற்றெல்லாம் போய்விடும் என்று யோகமலர் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள். "உமக்கு ஆர் சொன்னது?" என்றேன். "பொதுவாச் சொன்னன்" என்றாள்.

மகாராணியின் பிறந்தநாள் கழிந்ததும் இருபத்துநாலு கண்டு வாங்கி, செங்கல்லுக்குள் ஓட்டை போட்டு நட்டேன். ஊரில் செய்கிற மாதிரி விடிய ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் தண்ணீர். நம் செம்மண் குடித்துவிட்டு இன்னும் கேட்கும். இந்தக் களி குடிக்காமல் வாயில் வைத்துக்கொண்டிருக்கும். கண்டுகளின் கால் அழுகத் தொடங்கியது. பூச்சி என்று நினைத்தேன். பூச்சிக்கு மருந்து சாம்பல் என்பதைப் பிறந்த நாள் முதல் அறிவேன். விறகடுப்பில் பீற்சா சுடும் கடைக்காரரிடம் மூன்று சாக்குச் சாம்பல் வாங்கி இலையிலும் வேரிலும் அள்ளி வீசினேன். காற்று, அதில் பாதியைப் பக்கத்துப் பாத்திப் போர்த்துக்கீசரின் சலாதுக் கீரையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. மனுசன் பிள்ளையாருக்கு முன்னால் நிற்கிறவர் மாதிரி நெற்றியெல்லாம் வெள்ளையாக வந்து ஏதோ கேட்டார். எனக்குப் போர்த்துக்கீசம் தெரியாததால் மரியாதை குறையவில்லை. ஒரு கிழமையில் இலைகள் மஞ்சளாகின. நரம்பு பச்சை, நடுவெல்லாம் மஞ்சள். இந்த மண்ணில் ஏற்கெனவே சுண்ணாம்புக்கல் கிடக்கிறது, அதற்குமேல் சாம்பல் போட்டால் இரும்புச் சத்து மண்ணில் இருந்தாலும் வேர் எடுக்காது என்றாள் யோகமலர். இதையும் பொதுவாகத்தான் சொன்னாள்.

அந்த நாட்களில் அவளுடைய போக்கே சரியில்லை. சனிக்கிழமை காலைகளில் லைப்ரரியில் ஆங்கில வகுப்பு என்று போய்வருவாள். நான்தான் காரில் இறக்கிவிடுவேன். வீட்டுக்கு வந்தால் யன்னலில் ஒரு ஜாம் போத்தல், அதில் கலங்கல் தண்ணீர், அடியில் மணல், மேலே வண்டல், அதற்குமேல் களி என்று தட்டுத் தட்டாக நிற்கும். அதைத் தொடவிட மாட்டாள். பிறகு ஒருநாள் சிங்குக்குக் கீழே சவர்க்காரம் தேடினால், ஒரு பெட்டி நிறையப் புழு. கட்டடத்துக்குப் புழு பிடித்துவிட்டதென்று பராமரிப்புக்காரர் சுப்பிரின்ரனைக் கூட்டிவந்தேன். அவர் பெட்டியைப் பார்த்து, யோகமலரைப் பார்த்து, "நல்ல புழு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மரக்கறிக் கழிவைத் தின்று எருவாக்கும் புழுவாம். "பன்ரெண்டு வருஷம் நீங்கள் எறிஞ்ச கத்தரிக்காய்க்கு இவைதான் பதில் சொல்லினம்" என்றாள். அந்த எருவைத்தான் வாளிக்குப் போடுகிறாள். வாளிக்கண்டு இப்போது என் இடுப்பளவு. பூவும் பூத்திருக்கிறது. அதைப் பற்றி நான் பேசுவதில்லை. வாளி வேறு, நிலம் வேறு.

விழுந்த இடத்தில் கிடக்கிறவன் நான் இல்லை. எரு பலம் போதாது, அதுதான் குறை என்று முடிவெடுத்தேன். மீன் கழிவு புதைத்தால் பயிர் எழும்பும் என்று கரையோரத்துக் கமக்காரர் எல்லாருக்கும் தெரியும். கடையில் திகதி தாண்டிய சூடைக் கருவாடு பதினெட்டுக் கிலோ இருந்தது. பாத்தியின் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டிப் புதைத்தேன். இந்த ஊரில் றக்கூன் என்று ஒரு பிராணி உண்டு, அத்தான். மரநாய்க்குக் கண்ணுக்கு மை பூசி, மனுசக் கையும் கொடுத்துவிட்ட மாதிரி இருக்கும். மறுநாள் காலை போனால், என் வாழ்நாளில் நான் கொத்த முடியாத ஆழத்துக்கு அவை கொத்தியிருந்தன. கண்டு ஒன்றுகூட நிலத்தில் இல்லை. கருவாடு ஒன்றுகூட மிச்சமில்லை. போகிற வழியில் போர்த்துக்கீசரின் சோளத்தையும் பார்த்துவிட்டுப் போயிருந்தன. உப்புக் கருவாட்டைக் களியில் போட்டதைக் கேட்டதும் யோகமலர் தன் வாளியைத் தூக்கிப் பல்கனியின் மறு மூலையில் ஒளித்து வைத்தாள். அதுதான் என்னைச் சுட்டது.

றோசலின் அன்று பின்னேரமே கடிதம் தந்தார். ஓகஸ்ற் முதலாம் திகதிக்குள் பாத்தியில் பயிர் நிற்கவேண்டும், அல்லது பயிர் இல்லாததற்குத் தகுந்த விவசாயக் காரணம் எழுத்தில் வேண்டும். அந்த இரண்டாவது வரியைப் பிடித்துக்கொண்டுதான் உங்களுக்கு எழுதுகிறேன். பட்டியலில் அடுத்து நிற்பது யார் என்று கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டார். எனக்குத் தெரியும், பேர்ணடெற் அன்ரிதான். என் நிலத்தில் நின்று என்னிடமே கத்தரிக்காய் நீட்டுவதற்குத் திட்டம். விடமாட்டேன். நேற்று யோகமலரிடம் சொன்னேன்: "உந்தப் பாத்தியை ஒருத்தருக்கும் குடுக்கன். அத்தானிட்ட சொல்லிச் சரிக்கட்டுறன்." அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டே, "உள்ளிப்பூண்டை இந்த ஊரில ஐப்பசியிலயாம் நடுறது. பனிக்குக் கீழ கிடந்து சித்திரையில முளைக்குமாம்" என்றாள். நான் எதைப் பேசுகிறேன், அவள் எதைப் பேசுகிறாள் பாருங்கள்.

ஆகவே கடிதத்தை மறக்கவேண்டாம். பாத்தி கையில் நின்றால் வரும் வருடம் வெல்வேன். தோற்ற இடத்தில் கடை மாற்றுகிற பழக்கம் எனக்கு இல்லை. அக்காவுக்கு என் அன்பு. உங்கள் முழங்காலுக்குச் சீமோனிடம் தைலம் இரண்டு போத்தல் கொடுத்துவிடுகிறேன். ஊர் அடங்கி, நீங்கள் நிம்மதியாகத் தூங்கும் நாள் சீக்கிரம் வரவேண்டும்.

இப்படிக்கு,
பின்வாங்காத
இரத்தினவேல்

பி.கு. (ஓகஸ்ற் 4): சீமோனின் பயணம் மூன்று கிழமை தள்ளிப்போனதால் இந்தக் கடிதம் லாச்சிக்குள், உங்கள் நாலு வரிக்கு மேலேயே கிடந்துவிட்டது. மேலே கேட்ட அத்தாட்சி இனி வேண்டாம். முதலாம் திகதி பாத்தி போய்விட்டது. புது ஆளை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்பதற்காக நேற்றுப் போனேன். 41இல் ஒரு பெண் குனிந்து நின்று, ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எங்கள் சிங்குக்குக் கீழே இருந்த பெட்டி. போர்த்துக்கீசர் தொப்பியைக் கழற்றி அவளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். யோகமலர் மாசி மாதமே பட்டியலில் பேர் கொடுத்திருக்கிறாள். லைப்ரரியில் நடந்தது ஆங்கில வகுப்பு இல்லை, ஆங்கிலத்தில் நடந்த தோட்ட வகுப்பு. "ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "சொன்னனான். நீங்கள் பொதுவாக் கேட்டனீங்கள்" என்றாள்.

வாளிக்கண்டில் காய்த்த முதல் கத்தரிக்காயை முந்தாநாள் வெள்ளி அவளே கடைக்குக் கொண்டுவந்து பேர்ணடெற் அன்ரியின் கையில் கொடுத்தாள். எட்டுப் பேர் வரிசையில் நிற்க, அது வாளியில் காய்த்தது, எருவும் யோசனையும் இவளுடையது என்று நானே சொன்னேன். விற்கும் பொருளில் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அன்ரி காம்பை இழுத்துப் பார்த்தார், வரவில்லை. "நட்டது உம்மட கை, விளைஞ்சது அவவின்ர கை. பலகை கிடக்கட்டும். கீழ அவவின்ர பேரையும் எழுதும், ஏணியை நான் பிடிக்கிறன்" என்றார். நாளைக்குப் பெயின்ற்காரர் வருகிறார்.

இனி உங்களிடம் கேட்பது வேறொரு கடிதம். ஐப்பசியில் உள்ளி நட அவளுக்குக் கொத்துவதற்கு ஓர் ஆள் தேவையாம். போர்த்துக்கீசரின் மருமகனைக் கேட்கலாமா என்று யோசிக்கிறாள். ஆகவே, மேற்படி இரத்தினவேல் உடல் பலமுள்ளவர், சொன்ன இடத்தில் மட்டும் கொத்துவார், மண் காயும் வரை காத்திருப்பார், சாம்பலையோ கருவாட்டையோ தொடமாட்டார் என்று எழுதி, முத்திரை குத்தி, ஃபாக்ஸில் அனுப்புங்கள். பெறுநர்: திருமதி யோகமலர் இரத்தினவேல், பாத்தி இலக்கம் 41.